உருகிப் பிடிக்கும் உலோகம்

தோல் சீவிய மாம்பழத்தைக் கையில் பிடித்து நறுக்கியிருக்கிறீர்களா? லேசாகப் பிடித்தால் வழுக்கி ஓடும். இறுக்கிப் பிடித்தால் பழம் நசுங்கி, சாறு மணிக்கட்டு வரை வழியும். வழுக்கவும் கூடாது, நசுங்கவும் கூடாது. இதே சிக்கல் உலோகப் பாகங்களைச் செய்யும் தொழிற்சாலைகளிலும் உண்டு. வெட்டும் வேலையை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். வெட்டப்படும் பாகத்தை எப்படிப் பிடித்து வைப்பது என்பதை மனிதர்தான் யோசிக்க வேண்டும்.

உங்கள் பள்ளியில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்துக்கான பட்டறைக்குப் போயிருப்பீர்கள். மேசையோரத்தில் திருகி இறுக்கும் இரும்புப் பிடி ஒன்று இருக்கும். மலாயில் ராகும், தமிழ்ப் பட்டறைகளில் வைஸ். ஒரு மரக்கட்டையை அதில் வைத்து இறுக்கினால் அசையாது. காரணம், வைஸின் இரண்டு தாடைகளும் தட்டை. கட்டையின் இரண்டு பக்கங்களும் தட்டை. முழுப் பரப்பும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும்.

இப்போது மரக்கட்டைக்குப் பதிலாக ஜெட் விமான எஞ்சினின் டர்பைன் பிளேடு ஒன்றை அதில் வையுங்கள். அது வளைந்தும் முறுக்கியும் இருக்கும். ஓரங்கள் மெல்லியவை. தட்டையான இடம் என்று சொல்ல எதுவுமே இல்லை. வைஸின் தாடைகள் அதை ஓரிரு புள்ளிகளில் மட்டுமே தொடும்.

இதன் விளைவைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுத்தால் கிடைப்பது. வைஸ் 2000 நியூட்டன் விசையோடு இறுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தொடும் பரப்பு 5 சதுர மில்லிமீட்டர் மட்டுமே என்றால், அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு 400 நியூட்டன். பல உலோகங்களில் நிரந்தரமான பள்ளம் விழ இது போதும். அதே விசை 4000 சதுர மில்லிமீட்டரில் பரவினால்? சதுர மில்லிமீட்டருக்கு வெறும் 0.5 நியூட்டன். விசை மாறவில்லை. பரப்பு மட்டும்தான் மாறியது.

பள்ளம் விழாவிட்டாலும் இன்னொரு தொல்லை இருக்கிறது. என் பார்வையில் இதுதான் மோசமானது, ஏனென்றால் இது கண்ணுக்குத் தெரியாது. மெல்லிய பாகத்தை இறுக்கும்போது அது சுருள்வில் போலச் சிறிது வளையும். வளைந்த நிலையிலேயே அதன் மேற்பரப்பை மிக நேராகச் செதுக்கிவிடுகிறோம். அளந்து பார்த்தால் எல்லாம் சரி. வைஸைத் தளர்த்தியதும் பாகம் தன் பழைய நிலைக்குத் திரும்பும். அப்போது நேராகச் செதுக்கிய மேற்பரப்பு வளைந்துவிடும்! இயந்திரமும் தவறு செய்யவில்லை, அளவுகோலும் பொய் சொல்லவில்லை. பிடித்த விதம்தான் கெடுத்துவிட்டது.

ஊற்று, உறையவிடு, உருக்கு

இதற்கு ஒரு பழைய தீர்வு நம் பொற்கொல்லர்களிடம் இருக்கிறது. மோதிரத்தில் கல் பதிக்கும்போது, குச்சியின் முனையில் அரக்கைச் சூடாக்கி இளக்கி, அதில் நகையை அழுத்திப் பதிப்பார்கள். அரக்கு ஆறியதும் நகை அசையாது. நகையின் வளைவு நெளிவு எல்லாவற்றையும் அரக்கு தானே அணைத்துக்கொள்கிறது. வேலை முடிந்ததும் மறுபடி சூடுகாட்டி எடுத்துவிடலாம்.

தொழிற்சாலைகள் செய்வதும் இதையேதான். ஆனால் அரக்கு அவர்களுக்குப் போதாது. சாணைச் சக்கரம் ஒரு கடினமான உலோகத்தைத் தேய்க்கும்போது எழும் விசையை அரக்கு தாங்காது. அரக்கைப் போல எளிதில் இளக வேண்டும். உறைந்தபின் உலோகத்தைப் போல உறுதியாக நிற்கவும் வேண்டும். அப்படியென்றால், எளிதில் உருகும் உலோகமே வேண்டும்.

எந்த உலோகம்? இரும்பு 1538 பாகை செல்சியஸில் உருகும். அதை ஊற்றினால் பாகமே பாழ். காரீயம் 327 பாகை. பிஸ்மத் 271 பாகை. வெள்ளீயம் 232 பாகை. இவையும் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் 58 விழுக்காடு பிஸ்மத்தையும் 42 விழுக்காடு வெள்ளீயத்தையும் சேர்த்து உருக்கினால், அந்தக் கலப்புலோகம் 138 பாகையிலேயே உருகிவிடும்!

கணக்கில் பிழை என்று நினைக்காதீர்கள். 271க்கும் 232க்கும் நடுவே ஏதோ ஓர் எண்தான் வரும் என்று நம் மனம் எதிர்பார்க்கிறது. வந்ததோ இரண்டையும் விடக் குறைவு. வெள்ளீயத்தோடு ஒப்பிட்டால் 94 பாகை கீழே.

இங்கே சிறு குறிப்பு. வெள்ளீயமும் காரீயமும் வெவ்வேறு தனிமங்கள். நம் தாத்தா பாட்டிமார் ‘ஈயலம்பம்’ என்று சொன்ன சுரங்கங்களில், பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில், தோண்டி எடுத்தது வெள்ளீயத்தின் தாது. காரீயம் அதைவிடக் கனமான, நச்சுள்ள உலோகம். இரண்டையும் ‘ஈயம்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பிடும் பழக்கம் வேதியியல் பாடத்தில் குழப்பத்தைத்தான் தரும்.

ஏன் இப்படிக் குறைகிறது?

நான்காம் படிவ வேதியியலில் கலப்புலோகம் பற்றிப் படிக்கும்போது, அது தூய உலோகத்தைவிடக் கடினமானது என்பதைத்தான் அதிகம் வலியுறுத்துகிறோம். வெவ்வேறு அளவுள்ள அணுக்கள் நடுவில் புகுந்து, அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதைத் தடுக்கின்றன. இந்த விடை தேர்வில் வரும். உருகுநிலையின் கதை அவ்வளவாக வருவதில்லை.

ஐஸ்கிரீம் போத்தோங் விற்பவர்கள் முன்பு ஐஸ்கட்டியோடு உப்பைக் கலந்து, அந்தக் குளிரில் ஐஸ்கிரீமை உறைய வைப்பார்கள். தூய பனிக்கட்டி 0 பாகையில் உருகும். உப்பைச் சேர்த்தால் அதைவிடக் குளிர்ந்த நிலையிலும் அது உருகும். சரியான விகிதத்தில் உப்புநீர் ஏறக்குறைய –21 பாகை வரை உறையாமல் இருக்கும். உப்பு, நீரில் எளிதாகக் கரைகிறது. ஆனால் பனிக்கட்டியின் ஒழுங்கான அடுக்குக்குள் அதற்கு இடமில்லை. எனவே உப்புநீர் உறைய வேண்டுமானால், நீரும் உப்பும் முதலில் பிரிந்தாக வேண்டும். கலந்தே இருப்பது அவற்றுக்கு எளிது. அதனால் நீர்மமாகவே நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கின்றன.

பிஸ்மத்தும் வெள்ளீயமும் இப்படித்தான். உருகிய நிலையில் தாராளமாகக் கலக்கும். திண்மமாகும்போது ஒன்றின் படிகத்துக்குள் மற்றொன்று சிறிதளவே இடம்பெறும். ஆகவே நீர்மநிலை மிகத் தாழ்ந்த வெப்பநிலை வரை நீடிக்கிறது. எந்த விகிதத்தில் உருகுநிலை மிகவும் கீழே போகிறதோ, அந்தக் கலவைக்கு யூடெக்டிக் என்று பெயர். ‘எளிதில் உருகுவது’ என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல் அது. இந்தக் கலவைக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. கூழ்போல இழுத்துக்கொண்டிருக்காமல், ஒரே வெப்பநிலையில் சட்டென உருகும், சட்டென உறையும்.

இரண்டோடு நிற்க வேண்டியதில்லை. மூன்றாவது, நான்காவது தனிமத்தைச் சேர்த்தால் உருகுநிலை இன்னும் இறங்கும். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் வாலென்டின் ரோஸ், பிஸ்மத், காரீயம், வெள்ளீயம் மூன்றையும் கலந்தார். அது கொதிநீரில் உருகியது. 1860இல் அமெரிக்கப் பல் மருத்துவர் பார்னபஸ் வுட் இவற்றோடு காட்மியத்தையும் சேர்த்தார். உருகுநிலை 70 பாகைக்கு வந்துவிட்டது. சூடான தேநீரில் போட்டால் கரண்டியே உருகிக் கோப்பையின் அடியில் தங்கும் வித்தை இப்படிப்பட்ட உலோகத்தால் செய்ததுதான். (அந்தத் தேநீரைக் குடிக்கக் கூடாது. காரணம் பின்னால் வருகிறது.) இண்டியத்தையும் சேர்த்த ஐந்து உலோகக் கலவை 47 பாகையில் உருகும். நம் நாட்டு வெயிலில் கண்ணாடிகளை மூடி நிறுத்திய காரின் டேஷ்போர்டில் வைத்தாலே அது உருகிவிடக்கூடும்.

எல்லாவற்றிலும் பிஸ்மத் இருப்பதைக் கவனித்தீர்களா? உருகுநிலை மட்டும் அதற்குக் காரணம் அல்ல. பெரும்பாலான உலோகங்கள் உறையும்போது சுருங்கும். அச்சில் ஊற்றிய உலோகம் சுருங்கினால், நாம் பிடிக்க வேண்டிய பாகத்துக்கும் அதற்கும் நடுவே இடைவெளி விழும், பிடி தளரும். பிஸ்மத்தோ நீரைப் போல உறையும்போது விரிகிறது, ஏறக்குறைய 3.3 விழுக்காடு. சுருங்கும் உலோகங்களோடு அதைச் சரியான அளவில் சேர்த்தால், சுருக்கமும் விரிவும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். 138 பாகைக் கலவை அளவில் மாறுவதே இல்லை என்று சொல்லுமளவுக்கு நிலையானது. வுட் கண்டுபிடித்த கலவையோ உறைந்த பிறகும் பல நாள்கள் மெதுவாக விரிந்துகொண்டே போகும். மொத்தத்தில் அரை விழுக்காட்டளவு. எனவே அதற்குள் வைத்த பாகத்தின் வேலையைச் சீக்கிரம் முடித்துவிடுவது நல்லது.

கோணல் பாகம் செங்கல் ஆகிறது

டர்பைன் பிளேடுக்குத் திரும்புவோம். பிளேடின் மேல்பகுதி, வெப்பக் காற்று மோதும் வளைந்த இறக்கை. அடிப்பகுதியில் கிறிஸ்துமஸ் மரத்தின் உருவம்போல இருபுறமும் பற்கள் இருக்கும். அந்தப் பற்கள்தான் சுழலும் வட்டின் பள்ளங்களில் மாட்டிக்கொண்டு, எஞ்சின் சுழலும்போது பிளேடு பிய்த்துக்கொண்டு பறக்காமல் தடுக்கின்றன. பற்களைச் சாணைச் சக்கரத்தால் மிகத் துல்லியமாகத் தேய்த்து உருவாக்க வேண்டும். அப்போது வளைந்த இறக்கையை எதைக் கொண்டு பிடிப்பது?

முதலில் பிளேடை ஓர் உலோக அச்சுக்குள் ஆறு சிறு முனைகளின் மேல் பொருந்த வைப்பார்கள். ஏன் ஆறு? ஒரு பொருள் மூன்று திசைகளில் நகரலாம், மூன்று அச்சுகளைச் சுற்றித் திரும்பலாம். மொத்தம் ஆறு அசைவுகள். ஆறு முனைகள் அந்த ஆறையும் கட்டிப்போடுகின்றன. பிறகு உருகிய பிஸ்மத்–வெள்ளீயக் கலவையை அச்சுக்குள் செலுத்துவார்கள். உறைந்ததும் வெளியே வருவது ஒரு செங்கல்! அதன் பக்கங்கள் தட்டை, மூலைகள் செங்கோணம். பிளேடின் அடிப்பகுதி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இனி அதைச் சாதாரணப் பிடியிலேயே இறுக்கலாம். இறுக்கும் விசை செங்கல்லின் தட்டைப் பக்கங்களில் விழுந்து, இறக்கையின் முழுப் பரப்பிலும் பரவிவிடுகிறது.

இங்கே ஆர்க்கிமிடிஸ் ஒரு வம்பு செய்வார். இந்தக் கலவையின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 8.7 கிராம். எஃகின் அடர்த்தி 7.8, டைட்டேனியம் 4.5. அதாவது உருகிய கலவையில் எஃகு ஆணிகூட மிதக்கும். டைட்டேனியப் பாகமோ தக்கையைப் போல மேலே கிளம்பப் பார்க்கும். பாகத்தைக் கீழே அழுத்திப் பிடிக்காமல் கலவையை ஊற்றினால், ஆறு முனைகளை அவ்வளவு கவனமாக வைத்ததெல்லாம் வீண்.

138 பாகைக் கலவையை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும், 70 பாகைக் கலவை இன்னும் எளிதாயிற்றே என்று கேட்கலாம். சாணைச் சக்கரம் தேய்க்கும்போது வெப்பம் எழும். நிக்கலை அடிப்படையாகக் கொண்ட பிளேடு உலோகங்கள் வெப்பத்தை விரைவாகக் கடத்துவதும் இல்லை. குளிர்விக்கும் நீர்மத்தை நிறையப் பாய்ச்சினாலும், கொஞ்சம் தவறினால் பிடித்திருக்கும் உலோகம் இளகத் தொடங்கும். அந்த ஆபத்துக்கு இடைவெளி வேண்டும். ஆனால் அதற்கும் விலை உண்டு. 70 பாகைக் கலவையை வெந்நீரில் உருக்கி எடுத்துவிடலாம். 138 பாகைக் கலவை கொதிநீரில் உருகாது. சூடான எண்ணெய் போன்ற வேறு வழியைத் தேட வேண்டும். உருக்கி எடுத்த கலவையை வீணாக்குவதில்லை. மறுபடி அச்சில் ஊற்றி அடுத்த பிளேடுக்குப் பயன்படுத்துவார்கள்.

விமானம் உங்களுக்குத் தூரம் என்றால், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள். அதன் பிளாஸ்டிக் வில்லையின் முன்பக்கம் ஏற்கெனவே வழுவழுப்பாக்கப்பட்டு வரும். உங்கள் பார்வைக் குறைபாட்டுக்கு ஏற்றபடி பின்பக்கத்தைத்தான் தேய்க்க வேண்டும். முன்பக்கத்தில் கீறல் விழக் கூடாது. வெப்பம் மிகுந்தால் பிளாஸ்டிக் உருக்குலையும். அதனால் முன்பக்கத்தில் பாதுகாப்பு நாடாவை ஒட்டி, அதன்மேல் 47 பாகைக் கலவையை ஊற்றி உறைய வைப்பார்கள். அந்த உலோக அடியைப் பற்றிக்கொண்டு இயந்திரம் பின்பக்கத்தைத் தேய்க்கும். பல்லாண்டுகளாகப் பல கண்ணாடி ஆய்வகங்களின் வழக்கம் இது.

வசதியின் மறுபக்கம்

இப்போது அந்தத் தேநீருக்கு வருவோம். 70 பாகைக் கலவையிலும் 47 பாகைக் கலவையிலும் காரீயமும் காட்மியமும் உண்டு. காரீயம் மூளையையும் நரம்புகளையும் பாதிக்கும். குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்; புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் பட்டியலிலும் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதைச் சேர்த்திருக்கிறது. கலவையின் மேல் படியும் பொடி, கையில் ஒட்டும் துகள், அளவுமீறிச் சூடாக்கினால் எழும் ஆவி ஆகியவற்றின் வழியாக நஞ்சு உடலுக்குள் போகும். கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல் அதைக் கையாளும் தொழிலாளி, பிளேடின் துல்லியத்துக்குத் தன் உடலை விலையாகக் கொடுக்கிறார். கண்ணாடி ஆய்வகங்கள் பலவும் மெழுகு, பசை போன்றவற்றுக்கு மாறிவருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பிஸ்மத்–வெள்ளீயக் கலவையில் இந்த இரண்டு நஞ்சும் இல்லை. சொல்லப்போனால் பிஸ்மத் சேர்மம் ஒன்று வயிற்றுக் கோளாறுக்கு மருந்தாகவே பயன்படுகிறது. பிஸ்மத், இண்டியம், வெள்ளீயம் மூன்றும் சேர்ந்த ஃபீல்டு கலவையும் 62 பாகையில் உருகும், காரீயமும் காட்மியமும் இல்லாமலே. ஆனால் இண்டியம் விலை மிகுந்தது.

இணையக் கடைகளில் இந்தக் கலவைகள் வேடிக்கைப் பொருளாக விற்கப்படுகின்றன. வாங்கி வீட்டு அடுப்பில் உருக்க வேண்டாம். நஞ்சு ஒருபுறம் இருக்க, 138 பாகையில் உருகிய உலோகத்தை ஈரமான அச்சில் ஊற்றினால் நீர் நொடியில் ஆவியாகி உலோகத்தை முகத்தில் வாரியடிக்கும்.

பிளேடு விஷயத்தில் நஞ்சில்லாத கலவைகூட ஓர் அச்சத்தை விட்டுச்செல்கிறது. நவீன எஞ்சினில் டர்பைனை அடையும் வாயுவின் வெப்பநிலை 1500 பாகையையும் தாண்டும். பிளேடின் இடுக்கில் கண்ணுக்குத் தெரியாத பிஸ்மத் துளி ஒன்று தங்கிவிட்டால், அந்த வெப்பத்தில் அது நிக்கல் கலப்புலோகத்தின் படிக மணிகளுக்கு நடுவேயுள்ள எல்லைகளில் ஊடுருவி, அவற்றின் ஒட்டுறவைத் தளர்த்தும். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். ஆகவே கலவையை உருக்கி எடுத்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. பிளேடை வேதிப்பொருள்களால் கழுவி, எச்சம் இல்லை என்று சோதித்த பிறகே அடுத்த கட்டத்துக்கு அனுப்புவார்கள். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று, பிளேடின் வளைவுக்கென்றே செய்த தனிப்பிடிகளையும், புற ஊதா ஒளி பட்டால் இறுகும் பசையையும் நாடும் தொழிற்சாலைகளும் உண்டு. ஆனால் தனிப்பிடி செய்ய அதிகம் செலவாகும். பிளேடின் வடிவம் மாறினால் பிடியையும் மாற்ற வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்க

உலோகம் இல்லாமலே இந்த வித்தையைச் சோதிக்கலாம். மெல்லிய பிளாஸ்டிக் ஸ்ட்ரோ இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் அடியை நாடாவால் நன்றாக அடைத்து, முக்கால் அளவுக்கு நீர் ஊற்றி, நிமிர்த்தி வைத்து, குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் ஓர் இரவு விடுங்கள். மறுநாள் வெறும் ஸ்ட்ரோவையும் உறைந்த ஸ்ட்ரோவையும் பற்கள் உள்ள கத்தியால் குறுக்கே அறுங்கள். கத்தியை எடுக்கும்போது பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். பனிக்கட்டி உருகியபின் இரண்டின் வெட்டுமுகங்களையும் ஒப்பிட்டு, எது வட்டமாக இருக்கிறது, எது நசுங்கியிருக்கிறது என்று வரைந்து வையுங்கள்.

பிறகு இந்த மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்:

ஸ்ட்ரோவை முழுவதும் நிரப்பாமல் முக்கால் அளவோடு நிறுத்தச் சொன்னது ஏன்? நீருக்குப் பதில் பிஸ்மத்தை ஊற்றினால் அதே எச்சரிக்கை தேவைப்படுமா?

அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம். 100 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள அலுமினியப் பாகத்தை, 8.7 அடர்த்தியுள்ள உருகிய கலவைக்குள் முழுவதும் அமிழ்த்தி வைக்க எத்தனை நியூட்டன் விசையோடு கீழே அழுத்த வேண்டும்? (ஒரு கிலோகிராமுக்கு 10 நியூட்டன் என்று கொள்க.)

70 பாகையில் உருகும் கலவையால் பிடித்த பாகம் ஒன்றைக் குளிர்விக்கும் நீர்மம் இல்லாமல் நீண்ட நேரம் தேய்த்தால், முதலில் என்ன நடக்கும்?